அந்தப் பழைய பச்சை உங்களுக்கு அவ்வளவு முக்கியமா?

1/
மக்களே, இது நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உக்காந்து படிங்க. பழைய லாந்தர் விளக்கைப் பற்றியும், ஒரு குழந்தையோட ரத்த ரிப்போர்ட்டைப் பற்றியும் எழுதப் போறேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? அது எனக்கே புரிய மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசத்துக்கான கோபம்தான் இது. பாதி கோபம் என் மேலயே.

2/
ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வந்து தங்கியிருக்கீங்களா? வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கும். வரவேற்பறை மேசையில் இன்னொன்று. "எஸ்டேட் பங்களா காலத்துப் பொருள்" என்பார்கள். நீங்களும் அதோட நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகும் பல வருஷம் லைன் வீடுகளில் எரிந்தது சீமெண்ணெய் விளக்குதான். அதனால் இந்த மலையில் பழைய விளக்குக்குப் பஞ்சம் இல்லை. அமெரிக்க டீட்ஸ், ஜெர்மன் ஃபாயர்ஹேண்ட், மகாராஷ்டிராவின் ஓகலேவாடியில் செய்த பிரபாத் எல்லாம் பரணிலிருந்தும் பழைய இரும்புக் கடையிலிருந்தும் வருகின்றன.

3/
இவற்றைப் புதுப்பித்து விற்பது இப்போ ஒரு தொழில். ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. துருப்பிடித்த விளக்கு, சுழலும் கம்பி பிரஷ், பறக்கிற தூசி, கடைசியில் பளபளன்னு ஒரு பச்சை விளக்கு. கீழே கமென்ட்: "சூப்பர் ப்ரோ, ஆனா ஒரிஜினல் கலர் இது இல்லையே?"

அந்த ஒரு கமென்ட்டுக்காகத்தான் இந்த த்ரெட்.

4/
போன வருஷம் நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்றைக் கூட்டி வந்தார்கள். (பெற்றோரிடம் கேட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், சாப்பிட மாட்டேங்கறா, எதுக்கெடுத்தாலும் அழுகை. கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் வெளுப்பு. ஹீமோகுளோபின் 7.6.

நீலகிரியில் ரத்த சோகை என்றால் எங்களுக்கு ஒரு மனப்பாடம் உண்டு. இரும்புச்சத்து, குடற்புழு, அப்புறம் சிக்கிள் செல். சிக்கிள் செல் இந்தியாவில் முதலில் பதிவானதே 1952-ல் இங்கே நீலகிரி மக்களிடம்தான். அதனால் அந்தப் பரிசோதனையும் செய்தேன். நார்மல். பூச்சி மருந்து கொடுத்தேன், இரும்புச்சத்து சிரப் எழுதினேன்.

5/
மூணு மாசம் கழிச்சு ஹீமோகுளோபின் 7.9. சிரப் ஒழுங்காக் கொடுத்திருந்தா இதைவிட நல்லா ஏறியிருக்கணும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த அம்மாவைத் திட்டினேன். "மருந்து ஒழுங்கா குடுக்கறதில்லை நீங்க"ன்னு. அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு நாள்கூட விடாமல் கொடுத்திருந்தாங்க என்பது பின்னாடிதான் தெரிந்தது.

கூட வந்த பாட்டிதான் காப்பாற்றினாங்க. "வீட்டுல எங்க டாக்டரம்மா சாப்பிடறா, எந்நேரமும் அவங்க அப்பன்கூட ஷெட்டுலதான கெடக்கறா. அவன் வெளக்கு சொரண்டுவான், இவ அந்தப் பொடியில கோலம் போடுவா."

6/
எனக்கு அந்த நிமிஷம் கை நடுங்கிச்சு. 1700-லேயே ராமஸ்ஸினி என்கிற இத்தாலிய டாக்டர், நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் "என்ன வேலை செய்யறீங்க?" என்பதையும் சேர்க்கச் சொல்லிப் புத்தகம் எழுதிவிட்டார். அதில் பெயின்டர்களுக்கு வரும் நோய்க்கே ஒரு பகுதி உண்டு. முன்னூறு வருஷம் கழித்து, எம்.பி.பி.எஸ். படித்த நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

ரத்தத்தில் காரீய அளவு பார்த்தோம். குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம். அப்பாவுக்கு 58. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு "இதுக்கு மேல போனா கவனிங்க" என்று சொல்லும் அளவு 3.5. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் எளிது: பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவே இல்லை.

7/
இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். "ஈயச்சொம்புல ரசம் வெச்சு சாப்பிட்ட பரம்பரை டாக்டர் நாங்க"ன்னு உடனே ஒருத்தர் வருவார். ஐயா, நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம்தான். நான் பேசுவது காரீயம். தமிழில் ரெண்டையும் ஈயம்னு சொல்றோம், ஆனால் ரெண்டும் வேறு வேறு உலோகம். சோறாக்கப் பயன்பட்டது முதலாவது. மூளையைத் தின்பது இரண்டாவது.

8/
காரீயம் உடம்பில் கால்சியம் மாதிரி வேஷம் போடும். உள்ளே போனதில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சின்னக் குழந்தைகள் கிட்டத்தட்ட பாதியை உறிஞ்சுவார்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகம் உறிஞ்சும். ரத்தம் உருவாவதையே அது தடுக்கும். ரத்தத்திலிருந்து எலும்புக்குப் போய் இருபது, முப்பது வருஷம்கூட உக்காந்திருக்கும். பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். குழந்தையின் மூளையில் அது செய்துவிட்ட சேதத்தைத் திருப்ப எங்களிடம் மருந்து இல்லை. இல்லைன்னா இல்லைதான்.

9/
சரி, விளக்கில் காரீயம் எங்கேயிருந்து வந்தது?

அந்தக் காலத்து ஆழ்ந்த பச்சை இருக்கே, எல்லோரும் உயிரை விடுகிற பச்சை, அதற்கு பிரன்ஸ்விக் கிரீன் என்று பெயர். குரோம் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்தது. குரோம் மஞ்சள் என்பது காரீய குரோமேட். தூக்கலான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயின்ட்டுகள் பலவற்றிலும் அதன் சொந்தக்காரர்கள்தான். இரும்புக்கு அடியில் பூசிய ஆரஞ்சு நிற பிரைமர் "ரெட் லெட்", அது காரீய ஆக்சைடு. (இன்னிக்கு கடையில் கிடைக்கும் செங்கல் நிற ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்பு ஆக்சைடு.) வெள்ளையில் வெள்ளைக் காரீயம். எண்ணெய்த் தொட்டியின் மூட்டில் வைத்த பற்றில் வெள்ளீயத்தோடு காரீயமும் உண்டு.

10/
இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-லேயே சொன்னார்: குழந்தைகளுக்கு விஷம் ஏறுவது வராந்தாக் கம்பிகளில் பூசிய பெயின்ட் உதிர்ந்து கைக்கு வருவதால்தான் என்று. வெள்ளைக் காரீய பெயின்ட்டைக் கட்டுப்படுத்த 1921-ல் சர்வதேச உடன்படிக்கையே வந்தது. நாம் வீட்டு பெயின்ட்டுகளில் காரீயத்தை 90 பிபிஎம்-க்குள் வைக்கச் சொல்லி விதி போட்டது 2016-ல். அமலானது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எந்தப் பெயின்ட்டிலும் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்க விளக்கு அதற்கு எத்தனை வருஷம் மூத்தது?

11/
இப்போ நிறம் பொருத்துவது எப்படி நடக்குதுன்னு பாருங்க. அந்த அப்பாவே எனக்கு விளக்கினார். விளக்கின் ஒரு மூலையில் உப்புத்தாள் போட்டு வட்ட வட்டமாகத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு அடுக்கும் தெரியும். மேலே வெள்ளி, அதன் கீழே எஸ்டேட் கேட்டுக்கு அடித்த அதே பச்சை, அதற்கும் கீழே வேறொரு பச்சை. அடியில் இருப்பதே "ஒரிஜினல்". அதைக் கடைக்கு எடுத்துப் போய்க் கலந்து வாங்கி வருவார்கள். பொருந்தவில்லை என்றால் இன்னொரு இடத்தில் தேய்ப்பார்கள். பிறகு மொத்த விளக்கையும் கம்பி பிரஷ் வைத்து வெறும் தகரமாக்குவார்கள்.

நீலகிரி குளிருக்கும் மழைக்கும் இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். பெரும்பாலும் வீட்டை ஒட்டிய ஷெட்டில்.

12/
"ஒரு விளக்கை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க மேடம்"னு அவர் சொன்னார். "பச்சை கொஞ்சம் நீலமா இருக்கு, கொஞ்சம் மஞ்சளா இருக்குன்னு. ஒவ்வொரு தடவையும் முழுசா சொரண்டித்தான் திரும்ப அடிச்சேன்."

மூணு தடவை. ஒரு ஹோம்ஸ்டே வாசலில் தொங்கப் போகிற விளக்குக்கு.

13/
திருப்பி அனுப்பினவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்கள் தேடுகிற அந்த நிறம் இப்போது உலகத்திலேயே இல்லை.

குரோம் மஞ்சள் வெளிச்சத்திலும் காற்றிலும் கருக்கும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயின்ட் இருட்டில் மஞ்சளாகும். அதாவது வெயில் பட்ட பக்கம் ஒரு விதமாக மாறியிருக்கும், வெயிலே படாத அடிப்பக்கமும் வேறு விதமாக மாறியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அது எப்படி இருந்தது என்பதை எந்த மூலையைச் சுரண்டினாலும் பார்க்க முடியாது. இன்னொரு கூத்து கேளுங்க. பழைய லாந்தர்கள் பல, பெயின்ட்டே இல்லாமல் வெள்ளீயம் பூசிய வெறும் தகரமாகத்தான் விற்பனைக்கு வந்தன. நீங்க "ஒரிஜினல்"னு கொண்டாடற பச்சை, யாரோ ஒரு எஸ்டேட் மேஸ்திரி மிச்சம் இருந்த டப்பாவிலிருந்து அடிச்சதா இருக்கலாம்.

14/
அப்புறம் வெளிச்சம். காரீயம் இல்லாத புது நிறமிகளை வைத்துக் கலந்தால் கடை எல்.இ.டி. வெளிச்சத்தில் கச்சிதமாகப் பொருந்தும். வெளியே மூடுபனியில் பார்த்தால் வேறு பச்சை. சாயங்காலம் விளக்கை ஏற்றினால் இன்னொரு பச்சை. வேறு வேறு பொருளால் ஆன இரண்டு நிறங்கள் எல்லா வெளிச்சத்திலும் ஒன்றாக இருக்காது. புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கும்போது கடை வாசலுக்குத் தூக்கிட்டு வந்து பாக்கறோமே, அதே விஷயம்தான்.

எல்லா வெளிச்சத்திலும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். அதே காரீய குரோமேட்டை மறுபடி பூச வேண்டும். அந்தப் பச்சையின் அழகே அந்த விஷம்தான். அதனால் உங்கள் விளக்கின் நிறம் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

15/
இனி வரப்போகும் கமென்ட்டுகளுக்கு இப்பவே பதில்.

"சின்ன விளக்குதானே, அதுல எவ்வளவு இருக்கப் போகுது?" குழந்தை விஷயத்தில் நாம் பேசுவது மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். சில பழைய பெயின்ட்டுகளில் எடையில் கணிசமான பங்கே காரீயம். நகக்கண் அளவு பொடி தாராளமாகப் போதும்.

"மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்யறேன்." துணி மாஸ்க்கும் கர்ச்சீப்பும் இந்தத் தூசியைத் தடுக்காது. நீங்க தரமான மாஸ்க்கே போட்டாலும் உங்க சட்டையும் தலைமுடியும் போடலையே. அந்தச் சட்டையோடுதான் பிள்ளையைத் தூக்கறீங்க.

16/
"நான் தேய்க்கறதில்லை, நெருப்பு காட்டி உரிக்கறேன்." இது இன்னும் மோசம். அதிக சூட்டில் காரீயம் புகையாகி நேரே நுரையீரலுக்குப் போகும்.

"காஸ்டிக் சோடாவில் ஊறவெச்சுடறேன், தூசியே இல்லை." அந்தத் தண்ணியை எங்க ஊத்தறீங்க? தேயிலைத் தோட்டத்து வாய்க்காலில். அது குன்னூர் ஆற்றுக்கு இறங்கும், ஆறு பவானிக்கு இறங்கும். கீழே அதைக் குடிக்கற ஊர் எத்தனைன்னு எண்ணிக்கோங்க.

"முப்பது வருஷமா செய்யறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை." உங்க ரத்த அழுத்தம் எவ்வளவு? கை மரத்துப் போகுதா? மலச்சிக்கல், மூட்டு வலி, காரணமில்லாத கோபம்? இதுக்கெல்லாம் வேற காரணமும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம எப்படித் தெரியும்? அந்த அப்பாவும் "எனக்கு ஒண்ணுமில்ல, கேஸ் பிராப்ளம் மட்டும்தான்"னு சொன்னவர்தான்.

17/
"அப்போ பழைய விளக்கை எல்லாம் குப்பையில் போடச் சொல்றீங்களா? எங்க வயித்துல அடிக்கறீங்களே?"

இது நியாயமான கேள்வி. இல்லை, போடச் சொல்லவில்லை. எனக்கும் பழைய விளக்கு பிடிக்கும். "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் கவுண்டமணி சைக்கிள் கடையில் மேன்டில் உடைகிற காட்சிக்கு இன்னிக்கும் சிரிக்கறவ நான். கைவேலை செய்து பிழைக்கிறவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சேதத்தை அவர் தலையில் கட்டிவிட்டு நிறத்தை மட்டும் கேட்கிறவர்கள் மேல்தான் கோபம். என்ன செய்யலாம்னு சொல்றேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

18/
ஒண்ணு. உதிராமல் இருக்கும் பழைய பெயின்ட்டைத் தொடாதீங்க. சோப்புத் தண்ணி தொட்ட துணியால் துடைச்சு, மேலே மெழுகோ தெளிவான வார்னிஷோ பூசுங்க. பழையதை அப்படியே மூடி வைப்பதும் புதுப்பித்தல்தான். சொல்லப் போனால் அதுதான் "ஒரிஜினல்". வாசலில் தொங்கறது, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கட்டும்.

ரெண்டு. உதிர்கிற இடத்தை மட்டும், ஈரப்படுத்தி, கையால் சுரண்டுங்க. கீழே பிளாஸ்டிக் ஷீட். கம்பி பிரஷ் மெஷின், கிரைண்டர், நெருப்பு வேண்டவே வேண்டாம். தூசியைப் பெருக்காதீங்க, ஈரத் துணியால் ஒற்றி எடுங்க. சுரண்டியதைக் கட்டித் தனியா வைங்க, மண்ணிலோ வாய்க்காலிலோ கொட்டாதீங்க.

19/
மூணு. ஷெட்டுக்குள் குழந்தையும் கர்ப்பிணியும் வரக்கூடாது. அங்கே டீ, பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. முகத்தில் படியும் வடிகட்டி மாஸ்க் கட்டாயம். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி, கை முகம் கழுவிவிட்டு வீட்டுக்குள் வாங்க. அந்தச் சட்டையைத் தனியாத் துவைங்க.

நாலு. நிறம் பார்க்கச் சுரண்டவே வேண்டாம். அடித்தட்டின் கீழ், வளையத்தின் உள்பக்கம் போன்ற வெயில் படாத இடத்தை ஈரப் பஞ்சால் துடைங்க. ஷேட் கார்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிட்டத்தில் இருப்பதை எடுங்க. மதிய மேகமூட்டத்தில் ஒருமுறை, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 5 நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டு, உதாரணமா சிக்னல் சிவப்பு 537. அந்த எண்ணை பில்லில் எழுதிக் கொடுத்துடுங்க. அப்புறம் "அந்தப் பச்சை இல்லையே"ன்னு யாரும் வம்புக்கு வர முடியாது.

20/
அஞ்சு. புது பெயின்ட் டப்பாவில் காரீயம் 90 பிபிஎம்-க்குக் கீழ் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்க. இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 2016 விதி வீட்டு பெயின்ட்டுக்கும் அலங்கார பெயின்ட்டுக்கும் மட்டும்தான். தொழிற்சாலை பெயின்ட் அதில் வராது. "மெட்டலுக்குன்னே ஸ்பெஷல்"னு அதை வாங்கி வந்து விளக்குக்கு அடித்தால், பழைய விஷத்தை எடுத்துவிட்டுப் புது விஷத்தைப் பூசின மாதிரிதான். இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசு. எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் கேட்க வேண்டியது நாம்.

ஆறு. துடைத்துப் பார்க்கிற பரிசோதனைக் குச்சிகளை மட்டும் நம்பாதீங்க. சில வகைகள் குரோம் மஞ்சள், பச்சையில் இருக்கும் காரீயத்தைத் தவறவிடும். பழைய பெயின்ட் என்றாலே காரீயம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

21/
விளக்கு வாங்கறவங்களே, ஹோம்ஸ்டே நடத்தறவங்களே: "கலர் அச்சு அசலா இருக்கா?"ன்னு கேட்பதை இன்னிக்கோட நிறுத்துங்க. "இதை எப்படிச் சுத்தம் பண்ணீங்க?"ன்னு கேளுங்க. ஈரத்தில் சுரண்டி, பாதுகாப்பாச் செஞ்சேன்னு ஒருத்தர் சொன்னால் அவருக்கு ஐநூறு ரூபாய் சேர்த்துக் கொடுங்க. அவர் அதற்காக இழக்கும் நேரம் அது. தங்க வருகிற விருந்தாளியில் ஒருத்தர்கூட உங்க பச்சையை அட்டை வெச்சு அளக்கப் போறதில்லை.

22/
சக மருத்துவர்களே: காரணம் புரியாத வயிற்று வலி, இரும்புக்கு அசையாத ரத்த சோகை, மலச்சிக்கல் மூணும் சேர்ந்து வந்தால் "வீட்டில் யார் என்ன வேலை செய்யறாங்க?"ன்னு கேளுங்க. பெயின்ட், பேட்டரி, பழைய பொருள் என்று பதில் வந்தால் ரத்தக் காரீய அளவு எழுதுங்க. 2020-ல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல். பெட்ரோலிலிருந்து காரீயத்தை 2000-லேயே எடுத்துவிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியவில்லை. நாம் தேடவில்லை, அவ்வளவுதான். அப்புறம், தாயைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

23/
அந்தக் குழந்தை இப்போ எப்படி இருக்கா?

45-ஐத் தாண்டினால்தான் காரீயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாகத் தொடங்குவோம். அவளுக்கு 41. அதனால் மருந்தைவிட மூலத்தை நிறுத்துவதுதான் சிகிச்சை. ஷெட்டை வீட்டிலிருந்து மாற்றினார்கள். வீடு முழுக்க ஈரத் துணியால் துடைத்தார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் தொடர்ந்தோம். அப்பாவை மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம். ஒன்பது மாசம் கழித்து அவளுக்கு 22. வயிற்று வலி போய்விட்டது, ஹீமோகுளோபின் 10.8. ஆனாலும் 22 என்பது அந்த 3.5-ஐப் போல் ஆறு மடங்குக்கு மேல். பள்ளிக்கூடத்தில் அவள் எப்படிப் படிக்கப் போகிறாள் என்பதை இனிமேல்தான் பார்க்கணும். அதற்கான பதில் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

24/
அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், கண்டுபிடிச்சீங்கல்ல"ன்னு சொன்னாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

அப்பா இப்பவும் விளக்கு வேலைதான் செய்யறார், ஈரத்தில், தனி ஷெட்டில். போன மாசம் ஒரு லாந்தர் கொண்டு வந்து கொடுத்தார். என் கிளினிக் ஜன்னலோரம் உயரத்தில் தொங்குது. பழைய பச்சையை அப்படியே வார்னிஷில் மூடி, உதிர்ந்த இடத்தில் மட்டும் புதுப் பச்சை. ரெண்டும் பொருந்தவே இல்லை, தூரத்திலிருந்தே தெரியும். வர்றவங்க எல்லாம் "கலர் மேட்ச் ஆகலையே டாக்டர்"னு கேக்கறாங்க.

ஆமா, ஆகலை. ஏன்னு கேக்கறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்றேன். நீங்களும் விளக்கு வேலை செய்யறவங்க, வாங்கறவங்க யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு அனுப்புங்க.